பார்சலின் எடையைச் சொல்ல மாட்டேன்

1

"கொசு, ஆடாதே! ஆடாதேடி!"

பார்சலின் இடது முழங்கால் வெடவெடவென்று நடுங்கியது. அவள் தோள்மேல் நின்றிருந்த கொசு இரண்டு கைகளையும் விரித்து உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே பார்த்தால் முடிந்தது கதை.

"நான் ஆடலக்கா. நீங்கதான் ஆடறீங்க."

"கொஞ்ச நேரம். பாட்டு முடியட்டும்."

"எறங்கிடவா?"

"எறங்கினா மாஸ்டர் மறுபடி முதல்லேர்ந்து ஆட வைப்பாரு. நில்லுன்னா நில்லு!"

நேற்று மதியத்திலிருந்து பார்சல் எதுவும் சாப்பிடவில்லை. கண்ணுக்கு முன்னால் கறுப்புப் பூச்சிகள் பறந்தன. முழங்கால் மடங்கியது. கொசு காற்றில்

நிறுத்துகிறேன்.

பயப்பட வேண்டாம், கொசுவுக்கு ஒன்றும் ஆகாது. கீழே மெத்தை கிடக்கிறது. இப்போதுதான் நான் போட்டேன், போன வாக்கியத்துக்கும் இந்த வாக்கியத்துக்கும் நடுவில். தொடர்கதை எழுதியே காலம் தள்ளுகிறவன் நான். முதல் பத்தியில் ஒருவரையாவது அந்தரத்தில் நிறுத்தாவிட்டால் எனக்குக் கை ஓடாது. அந்தப் பழக்கத்தில் செய்துவிட்டேன். இனி ஒழுங்காக, கதை கிடைத்த இடத்திலிருந்து சொல்கிறேன்.

2

கதை ஒரு பார்சல் ஆபீஸில் கிடைத்தது.

ஒரு கட்டுத் தாளை அனுப்பப் போயிருந்தேன். கவுன்டரில் இருந்த பெண் என் கட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இப்படிச் சுத்தினா வழியிலேயே பிரிஞ்சிடும் சார். போய் நல்லா ஒட்டிக் கொண்டாங்க" என்று திருப்பித் தள்ளினாள். ஒட்டிக்கொண்டு போனேன், கொடுத்தேன், வந்தேன். பாதி தெரு தாண்டியதும்தான் மூக்குக் கண்ணாடியைக் கவுன்டரிலேயே விட்டது ஞாபகம் வந்தது. திரும்பிப் போனால் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து நுழைந்தேன்.

மூட்டைகளை நிறுக்கும் பெரிய தராசு மேடையின்மேல் அந்தப் பெண் ஏறி நின்றிருந்தாள். செருப்பைக் கழற்றியிருந்தாள். தலை கிளிப்பைக்கூட எடுத்து மேசையில் வைத்திருந்தாள். நாற்காலியில் ஆட்டக்காரர்கள் போடுகிற முழங்கால் பட்டை ஒரு ஜோடி தொங்கியது.

"என்ன சார்?"

"கண்ணாடி..."

"அங்கேதான் இருக்கு. எடுத்துக்கிட்டுப் போங்க."

அவ்வளவுதான். அவள் இறங்கவில்லை. கூச்சப்பட்டு எண்ணைக் கையால் மறைக்கவில்லை. நான்தான் தப்பு செய்தவன் மாதிரி குனிந்து வெளியே வந்தேன்.

அவள் இறங்கவில்லை என்பதுதான் எனக்குக் கிடைத்தது. மீதி எல்லாம் என் கைச்சரக்கு.

(அவள் எடை எவ்வளவு என்று கேட்பீர்கள். எண் பெரிதாகத்தான் மின்னியது, படித்தேன். எழுத மாட்டேன். எழுதினால் அடுத்த வினாடி நீங்கள் கதையை விட்டுவிட்டு உங்கள் எடையையோ உங்கள் நாத்தனார் எடையையோ நினைக்கப் போவீர்கள்.)

அதே வாரம் பத்திரிகை ஆசிரியர் போனில் வந்தார்.

"உடல் இளைப்பு சிறப்பிதழ் போடறோம் சார். ஒரு கதை வேணும். ஒரு பொண்ணு. டான்ஸ் போட்டி. குண்டா இருக்கா. இளைக்கிறா. ஜெயிக்கிறா. ரெண்டு பக்கம்."

"எப்படி இளைக்கிறா?"

"அதெல்லாம் நீங்க விளக்க வேணாம். பக்கத்துல ஒரு ஜூஸ் விளம்பரம் வருது. அவ ஏதோ குடிக்கிற மாதிரி மட்டும் ஒரு வரி போட்டுடுங்க."

சரி என்றேன். தொடர்கதைக்காரன் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்வான். எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம்.

3

முதல் பிரதியில் பார்சல் சரசரவென்று இளைத்தாள். அத்தியாயத்துக்கு அத்தியாயம் கன்னம் உள்ளே போயிற்று. விறுவிறுப்பு என்றால் அப்படி ஒரு விறுவிறுப்பு. என் மனைவி படித்தாள். ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸ். என் கதைகளில் செத்தவர்கள் சரியாகச் செத்திருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்வது அவள்தான்.

"ஏங்க, இவ எப்படி இன்னும் உயிரோட இருக்கா?"

"கதாநாயகி. அப்படியெல்லாம் சாக மாட்டா."

"இவ்வளவு வேகமா இளைச்சா போறது கொழுப்பு மட்டும் இல்ல. தண்ணி போகும், சதை போகும், கால்ல இருக்கிற பலம் போகும். அப்புறம் ஒரு ஆளை எப்படித் தோள்ல நிறுத்துவா?"

"அதான் சஸ்பென்ஸ்."

"அதுக்குப் பேரு சஸ்பென்ஸ் இல்ல. எலும்பு முறிவு. நேரா எங்க வார்டுக்குத்தான் வரும்."

தாள்களை என் மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். நான் யோசித்தேன். பிறகு, கொசுவின் கீழே போட்டிருந்த மெத்தையை உருவிவிட்டேன்.

மன்னித்துக்கொள், கொசு. கணுக்கால் சுளுக்கோடு விட்டுவிடுகிறேன்.

4

இப்போது நடந்தது இது.

சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மாடியில் ஒரு நீளக் கூடம். சுவர் முழுக்கக் கண்ணாடி; ஒரு மூலையில் விரிசல், அதன்மேல் ஸ்டிக்கர். அங்கேதான் அந்தப் பெண்கள் குழு ஆடுகிறது. பார்சல் ஆபீஸ் வேலை, பருத்த உடம்பு, இரண்டும் சேர்ந்து இவளுக்குப் 'பார்சல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிற ஒல்லிப் பெண்ணுக்குக் 'கொசு'. ஆட்டத்தின் உச்சியில் பார்சலின் தோளில் கொசு ஏறி நிற்பாள். ஆட்டக்காரர்கள் அதை லிஃப்ட் என்பார்கள். மேலே நிற்பவளைத்தான் எல்லோரும் படம் எடுப்பார்கள். கீழே நிற்பவளை இருட்டில் நிறுத்துவது வழக்கம்.

இந்தப் போட்டிக்கு டான்ஸ் மாஸ்டர் ஆட்டத்தை மாற்றி அமைத்திருந்தார். கடைசியில் முன்வரிசை நடுவில் லிஃப்ட். விளக்கு முதலில் கீழே இருப்பவள் முகத்தில் விழுந்து, பிறகுதான் மேலே ஏறும். இத்தனை போட்டிகளில் இருட்டில் நின்றே தூக்கியவளுக்கு முதல் முறையாக வெளிச்சம்.

ஆனால் ஒரு நிபந்தனை. மாஸ்டர் ஆளுக்கு ஓர் எடை வரம்பு போட்டிருந்தார். சனிக்கிழமை காலை எல்லோரும் மூலையில் இருக்கும் முள் தராசில் ஏற வேண்டும். வரம்பைத் தாண்டினால் அந்த வாரம் பின்வரிசை. போட்டிக்கு முந்தைய சனிக்கிழமை தாண்டினால் குழுவிலேயே கிடையாது.

அதனால் வெள்ளி மதியத்தோடு எல்லோரும் வாயைக் கட்டிக்கொள்வார்கள். தண்ணீரும் குடிக்க மாட்டார்கள். சனிக்கிழமை தராசில் ஏறி இறங்கிய கையோடு லிஃப்ட் பயிற்சி. வாரத்திலேயே உடம்பில் தெம்பு இல்லாத வேளையில், ஒருத்தி தோள்மேல் இன்னொருத்தி. இந்த முறையை யாரும் உட்கார்ந்து யோசித்து ஏற்படுத்தவில்லை. இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது, அதனால் இப்படியே நடந்தது.

அப்படி ஒரு சனிக்கிழமைதான் பார்சலின் முழங்கால் மடங்கியது. கொசு விழுந்தாள். பார்சலே அவளை முதுகில் சுமந்து கிளினிக்குக்குக் கொண்டுபோனாள்.

அங்கே ஒரு நர்ஸ் வருகிறார். முகம் என் மனைவி முகம்தான். திட்டுவதும் அப்படியே.

"கடைசியா எப்ப சாப்பிட்டே?"

"நேத்து மத்தியானம்."

"நாங்க எல்லாருமே அப்படித்தான் சிஸ்டர்" என்றாள் கொசு, கால் கட்டைப் பார்த்துக்கொண்டே.

"அப்ப எல்லாருக்கும் இங்கே கட்டில் போட்டு வைக்கிறேன், வரிசையா வந்து சேருங்க."

பார்சல் தயங்கினாள். "எனக்கு இளைக்கணும் சிஸ்டர். மாஸ்டர் சொன்னதுக்காக மட்டும் இல்ல. நாள் பூரா உட்கார்ந்தே வேலை. பாட்டு முடியறதுக்கு முன்னாடி எனக்கு மூச்சு முடிஞ்சிடுது."

"தாராளமா இளைக்கலாம். மெதுவா. காலையில சாப்பிடாம வெளியே போகாதே. ஒவ்வொரு வேளையும் தட்டுல முட்டையோ பருப்போ இருக்கணும், பாதித் தட்டு காய் இருக்கணும். வறுத்தது, பொரிச்சது, இனிப்புத் தண்ணி இதெல்லாம் கொறை. பஸ்ஸுக்கு முன்னாடியே எறங்கி நட. நல்லாத் தூங்கு. வாரத்துக்கு அரைக் கிலோ போனா அதுவே ஜாஸ்தி. திடீர்னு நிறைய இறங்குச்சுன்னா சந்தோஷப்படாதே, என்கிட்ட ஓடி வா."

"போட்டிக்குள்ள வரம்புக்கு வந்துடுவேனா?"

"அது எனக்குத் தெரியாது. பாட்டு முடியற வரைக்கும் மூச்சு வரும். அது தெரியும்."

[ஜூஸ் இங்கே வந்திருக்க வேண்டும். வரவில்லை.]

5

இனிமேல்தான் எனக்குச் சோதனை. மெதுவாக இளைக்கிறவளை வைத்துக்கொண்டு ஒரு தொடர்கதைக்காரன் என்ன செய்வது?

அன்று காலை பார்சல் முட்டை சாப்பிட்டாள். மறுநாளும் திடுக்கிடும் வகையில் அவள்

அடுத்த நாள் நடந்தது யாரும் எதிர்பாராதது! அவள் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கி

எதுவும் சூடு பிடிக்கவில்லை. ஆசிரியருக்கு அனுப்பினேன். "சார், கதை ஊதிப்போய்க் கிடக்கு. நீங்களும் கொஞ்சம் இளைக்க வைங்க" என்று சிரித்தார். எடுத்தார் கத்திரியை.

[இங்கே ஒரு மழை இருந்தது. வெட்டியாயிற்று. நல்ல மழை.]

[கொசுவின் காதல் ஒன்று இருந்தது. அதுவும் போச்சு. அந்தப் பையன்மேல் எனக்கே நம்பிக்கை இல்லை.]

அவர் வெட்டச் சொல்லி நான் மறுத்தது ஓர் இடம். "பொண்ணு உட்கார்ந்து சாப்பிடறதையெல்லாமா எழுதுவாங்க?" என்றார். ஆமாம், எழுதுவேன். கொழுப்பை எடுங்கள், சதையில் கை வைக்காதீர்கள் என்று என் வீட்டு நர்ஸ் சொல்லியிருக்கிறாள். இது சதை. படியுங்கள்:

வெள்ளிக்கிழமை மாலை. ஆட்டம் முடிந்து பெண்கள் வறண்ட உதட்டோடு சுவரில் சாய்ந்திருந்தார்கள். பார்சல் கூடத்தின் நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். அவித்த முட்டை. வேகவைத்த கடலை. நறுக்கிய வெள்ளரிக்காய்.

"ஏய், பார்சலைப் பிரிச்சாச்சு!" என்றது ஒரு குரல். சிரிப்பு.

"பிரிச்சாச்சு. வாசனை வருதில்ல? வா, வந்து உட்காரு."

"நாளைக்கு எடை பாக்கணும், அக்கா!"

"எனக்கும்தான் நாளைக்கு எடை. வெள்ளரிக்காய் வேணுமா, முட்டை வேணுமா?"

யாரும் அசையவில்லை. கொசு மட்டும் இன்னும் லேசாக நொண்டிக்கொண்டே வந்து ஒரு முட்டையை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி நின்று தின்றாள்.

மாஸ்டர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்கு நாக்கு முக்கியமா, ஆட்டம் முக்கியமா?"

"நாளைக்கு லிஃப்ட் இருக்கு மாஸ்டர். நாக்கால தூக்க முடியாது."

இந்த மாஸ்டர்மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. முதலில் அவருக்கு அடர்ந்த மீசையும் 'ஹஹ்ஹா' என்று ஒரு சிரிப்பும் கொடுத்திருந்தேன். இரண்டையும் பிடுங்கிக்கொண்டேன். அவரும் வெள்ளி மதியத்திலிருந்து பட்டினி கிடக்கிறவர்தான். அவரை யாரும் தராசில் ஏறச் சொல்வதில்லை, ஆனாலும் கிடப்பார். இளவயதில் அவருக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். வயிறு காய்ந்தால் ஆட்டம் வரும் என்று நிஜமாகவே நம்புகிறார். வில்லனாக இருந்தால் ஒரே அறையில் முடித்திருப்பேன். இவரை என்ன செய்வது?

6

வாரங்கள் ஓடின. பார்சல் ஒவ்வொரு சனிக்கிழமையும் பின்வரிசையில் நின்றாள்; லிஃப்டையும் அங்கேயே பழகினாள். ஆனால் மாடிப்படி ஏறினால் வாங்கிய மூச்சு இப்போது வாங்கவில்லை. மாஸ்டரின் எண்ணிக்கையைத் தாண்டியும் கால் நின்றது. தினமும் போடும் உடையில் இடுப்புப் பக்கம் கொஞ்சம் தளர்ந்தது.

கடைசிச் சனிக்கு முந்தின மாலை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஆபீஸ் தராசில் ஏறினாள். எடை குறைந்திருந்தது, ஒழுங்காக, மெதுவாக. வரம்புக்கு இன்னும் வரவில்லை. அதாவது நாளைக் காலை அவள் வெளியே. அந்த நேரம் பார்த்துத்தான் எவனோ ஒரு கிழட்டு எழுத்தாளன் கண்ணாடியைத் தேடிக் குனிந்து நுழைந்தான்.

மறுநாள் வயிறாரச் சாப்பிட்டுவிட்டே போனாள். வெளியே அனுப்பத்தான் போகிறார்கள், பட்டினியாக எதற்குப் போக வேண்டும்?

தராசில் ஏறினாள். மாஸ்டர் குனிந்து முள்ளைப் பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"வரம்புக்குள்ள!"

கூடம் முழுக்கக் கைதட்டல். அன்றைக்கு எல்லோருமே வரம்புக்குள்தான். மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா? வயித்தைக் கட்டினா எல்லாம் நடக்கும்!"

பார்சல் இறங்கினாள். இறங்கியவள் வேலைப் பழக்கத்தில் காலித் தராசைத் திரும்பிப் பார்த்தாள். ஆள் இல்லாத தராசை யார் பார்ப்பார்கள்? அவளைப் போல நாள் முழுக்க நிறுக்கிறவர்கள் பார்ப்பார்கள். முள் சுழியத்தில் இல்லை. நன்றாக இடது பக்கம் தள்ளி நின்றது. முள்ளைச் சுழியத்துக்குக் கொண்டுவர, பின்னால் உள்ள சின்னத் திருகை யாரோ திருப்பியிருந்தார்கள்.

இந்த இடத்தில் நான் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காய்கறி வாங்கப் போய்விட்டேன். வாயை மூடிக்கொண்டால் போதும்: வெளிச்சம், முன்வரிசை எல்லாம் அவளுக்கு. ஆசிரியரிடம் போனில் கேட்டேன். "மூடிக்கட்டும் சார். பரிசு வாங்கட்டும். கதை முடிஞ்சுது, ஒரு பக்கம் மிச்சம்" என்றார்.

திரும்பி வந்து உட்கார்ந்தால், பார்சல் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தாள்.

"மாஸ்டர், மிஷின் பொய் சொல்லுது."

"என்ன?"

"முள்ளைப் பாருங்க. யாரோ திருப்பி வெச்சிருக்காங்க. நேத்து சாயங்காலம் எங்க ஆபீஸ்ல பார்த்தேன். என் எடை ———."

[எண்ணைச் சத்தமாகவே சொன்னாள். கூடத்தில் அத்தனை பேரும் கேட்டார்கள். நீங்கள் கேட்கப் போவதில்லை.]

மாஸ்டர் முகம் சிவந்தது. "யாரு திருப்பினது? நீயா?"

"நானா இருந்தா உங்ககிட்ட வந்து சொல்லுவேனா?"

"அப்ப எதுக்குடி சொல்றே? வாயை மூடிக்கிட்டு நிக்க வேண்டியதுதானே!"

"நின்னுடலாம். அப்புறம் அடுத்த போட்டிக்கும் வயித்தைக் கட்டினாத்தான் நடக்கும்பீங்க. இவங்களும் நம்புவாங்க. கட்டினதால எதுவும் நடக்கல மாஸ்டர். திருகினதால நடந்துச்சு."

கீழே எவனோ சைக்கிள் மணியை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாட்டைப் போடுங்க. முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் நிறுத்தாம ஆடறேன். முடிவுல கொசுவைத் தூக்கறேன். என் கால் நடுங்குச்சுன்னா நானே போயிடறேன். நடுங்கலன்னா, இதே உடம்போடதான் மேடைக்கு வருவேன்."

மாஸ்டர் பாட்டைப் போட்டார். கோபத்தில் சத்தத்தைக் கூட்டி வைத்தார். குழு முழுக்க ஆடியது; பாதியில் ஒருத்தி சுவரைப் பிடித்துக்கொண்டாள். இன்னொருத்தி உட்கார்ந்துவிட்டாள். பார்சல் ஆடினாள். வியர்வை தரையில் சொட்டியது, மூச்சு சீராக இருந்தது. கடைசியில் குனிந்தாள், கொசு ஏறினாள், நிமிர்ந்தாள். பாட்டு முடிந்தது. அவள் இறக்கிவிடவில்லை. மாஸ்டரைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"போதும், எறக்கு" என்றார் அவர். துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். கதவுவரை போய்த் திரும்பினார். "வரம்புக்குத் தெச்ச மேடை உடை பத்தலைன்னு என்கிட்ட வந்து நிக்காதே. நீயே பிரிச்சுத் தெச்சுக்கோ."

அவரிடமிருந்து இதற்குமேல் ஒரு சொல் வராது. நான் முயன்று பார்த்துவிட்டேன்.

7

முடிவுகள் கைவசம் உள்ளன.

(அ) ஆசிரியருக்கு: போட்டி நாளன்று பார்சல் கொடியாக இளைத்திருக்கிறாள், முதல் பரிசு. அதிசயம் எப்படி நடந்தது என்று பக்கத்து விளம்பரத்தில் பார்க்கவும்.

(ஆ) கைக்குட்டையோடு படிப்பவர்களுக்கு: பரிசு போய்விடுகிறது. மழையில் அழுகிறாள். (மழையைத்தான் வெட்டிவிட்டார்களே!)

(இ) பரிசு மேடையில் மாஸ்டர் மனம் மாறித் தராசைத் தரையில் போட்டு உடைக்கிறார். என் மனைவி இதைப் படித்துவிட்டு, "நல்ல தராசுங்க, எதுக்கு உடைக்கணும்? திருகைச் சரி பண்ணிட்டு மூட்டை நிறுக்கக் கொடுக்கலாம்" என்றாள்.

மூன்றையும் கிழித்துப் போட்டேன். பரிசு யாருக்கு என்று நான் எழுதப் போவதில்லை. நடுவர்கள் மார்க் போடட்டும், நீங்களும் வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள். பார்சல் வெளிச்சத்தில் நிற்பாள். அதைக் கொடுக்காவிட்டால் நான் எழுதுவதில் அர்த்தம் இல்லை. அதற்கு மேல் கேட்டால் வேறு ஆளைப் பாருங்கள். ஆசிரியரிடமும் இதையேதான் சொன்னேன். "அப்ப கதை வராது சார்" என்றார். "வராட்டிப் போகட்டும்" என்றேன். இப்போது உங்கள் கையில் இருப்பது வேறு பத்திரிகை.

ஆனால் திருகைத் திருப்பியது யார் என்று சொல்லாமல் போனால், இத்தனை காலம் என்னைப் படித்தவர்கள் வீடு தேடி வந்து உதைப்பார்கள். அதனால் இது மட்டும்.

8

மேடை ஓரம். திரைக்குப் பின்னால் இருட்டு. இவர்கள் குழுவின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். பார்சலின் உடையில் இரண்டு பக்கமும் புதுத் துணி வைத்துத் தைத்திருந்தது. வேண்டுமென்றே வேறு நிறத்தில் வைத்திருந்தாள். வாழைப்பழத் தோலை ஓரமாகப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா, அன்னைக்கு உங்களை மனசுக்குள்ள நல்லாத் திட்டினேன்" என்றாள் கொசு.

"என்னைக்கு?"

"மிஷின் பொய் சொல்லுதுன்னு நீங்க கத்தினீங்களே, அன்னைக்கு."

"உனக்கு என்னடி வந்துச்சு?"

"வராதா பின்னே? எல்லாரும் வர்றதுக்கு முன்னாடி வந்து, தரையில படுத்து, ஹேர்பின்னால அந்தத் திருகைத் திருப்பறதுக்குள்ள என் நகமே பிஞ்சு போச்சு. நீங்க பாட்டுக்கு ஒரே நிமிஷத்துல போட்டு உடைச்சிட்டீங்க."

பார்சல் அவள் பக்கம் திரும்பினாள். "நீயா?"

"வேற யாரு? உங்களை அனுப்பிட்டா எனக்குக் கீழே வேற ஒருத்தி தோள் வரும். ஒருவாட்டி பட்டினித் தோள்லேர்ந்து விழுந்தவக்கா நான். இந்தக் குழுவுலயே சாப்பிட்ட தோள் உங்களோடது ஒண்ணுதான்."